படியும் கோலும் பள்ளிப் பிள்ளையும்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. போட்டால் திரும்பி வாராத ஆற்றுக்கும் அளவு வேண்டும் என்று கருதிய மக்கள், அளக்கும் அறிவைத் தம் பிள்ளைகளுக்கு எவ்வாறு புகட்டினர் என்பது ஆராயத் தக்கது. எழுத்துக் கல்வியின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. அளவைக் கல்வியின் வரலாறோ அத்துணைக் கவனம் பெறவில்லை. எழுத்தறியாதவன் கடிதத்தைப் பிறரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். அளவறியாதவனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. தன் கூலி குறைந்தது என்பதையே அவன் அறியமாட்டான். ஆதலால், எந்தக் காலத்தில் எந்தப் பிள்ளைக்கு அளவை கற்பிக்கப்பட்டது என்ற கேள்வி, கல்வியைப் பற்றியது மட்டும் அன்று. வாழ்வைப் பற்றியதும் ஆகும்.

திண்ணையில் ஒலித்த நெல்லிலக்கம்

ஆங்கிலேயர் வகுத்த பள்ளிமுறை வேரூன்றும் முன்னர், தமிழகத்துச் சிற்றூர்களில் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. மணலில் விரலால் எழுதி, வாயால் உரக்கச் சொல்லி, பின்னர் ஓலையில் எழுதுவது அங்கு முறை. கணக்குக்கு உரிய நூல் எண்சுவடி. அதில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்னும் இரண்டும் அடிப்படையாக விளங்கின. பொன்னிலக்கம் எண்களின் வாய்பாடு. நெல்லிலக்கம் முகத்தலளவையின் வாய்பாடு.

நெல்லிலக்கத்தின் அமைப்பு எளிது, ஆயினும் ஆழமானது. 360 நெல் கொண்டது ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி. மரக்கால் என்பதும் இதுவே. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். ஆழாக்கிலிருந்து நாழி வரை ஒவ்வொரு படியும் முந்தியதன் இரட்டிப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். வீட்டில் தாய் உழக்கால் அரிசி அளப்பதைக் கண்ட பிள்ளைக்கு இது வெறும் சொல்லடுக்கு அன்று. இரண்டு உழக்கைக் கொட்டினால் உரி நிரம்பும் என்பது அவன் கண்ணறிந்த உண்மை. பாதி, கால், அரைக்கால் என்னும் பின்னங்கள் அவனுக்கு ஏட்டில் அறிமுகமாகும் முன்பே பாத்திரத்தில் அறிமுகமாகிவிட்டன.

பொன்னிலக்கம் பின்னங்களை இன்னும் நுணுக்கமாகக் கற்பித்தது. 320-இல் ஒரு பங்கு முந்திரி. இரண்டு முந்திரி ஓர் அரைக்காணி. இரண்டு அரைக்காணி ஒரு காணி; அது 80-இல் ஒன்று. நான்கு காணி ஒரு மா. அது 20-இல் ஒன்று. ஐந்து மா ஒரு கால். மாவும் காணியும் சேர்ந்தால் 16-இல் ஒன்று ஆகும்; அதன் பெயரே மாகாணி. வீசம் என்பதும் அதுவே. பெயரிலேயே கூட்டல் அடங்கியிருப்பதால், சொல்லை மறவாத பிள்ளை கணக்கையும் மறப்பதில்லை.

அளவுகள் ஊருக்கு ஊர் வேறுபட்டன என்பது உண்மையே. ஓரூர் மரக்கால் மற்றோர் ஊர் மரக்காலுக்கு ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள், 'ஆடவல்லான்' என்னும் மரக்காலால் நெல் அளக்கப்பட்டதைக் கூறி, அது 'இராசகேசரி' என்னும் மரக்காலோடு ஒத்தது என்றும் குறிக்கின்றன. இன்ன மரக்கால் என்று பெயர் சுட்டிச் சொல்ல வேண்டியிருந்தது என்பதே, மரக்கால்கள் பலவாக இருந்தன என்பதற்குச் சான்றாகும். எனவே திண்ணைப் பள்ளி கற்பித்தது பாத்திரத்தின் பருமனை அன்று. பாத்திரங்களுக்கு இடையேயுள்ள உறவை. மரக்கால் எத்தனை பெரிதாயினும் அதில் எட்டில் ஒன்று நாழி. இந்த உறவை அறிந்தவன் எந்த ஊருக்குச் சென்றாலும் கணக்கில் தடுமாற மாட்டான்.

குழிமாற்று

நிலத்தை அளப்பதற்குரிய வாய்பாடு குழிமாற்று எனப்பட்டது. கோலால் நீளமும் அகலமும் அளந்து, இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது குழி. தஞ்சைப் பகுதி வழக்கில் 100 குழி ஒரு மா; 20 மா ஒரு வேலி. ஒரு வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கருக்குச் சற்று மிகும். 24 கோல் நீளமும் 16 கோல் அகலமும் உள்ள வயல் 384 குழி. அதாவது மூன்று மாவும் 84 குழியும். இத்தகைய கணக்குகளை ஓலையின்றி மனத்திலேயே போட்டு விடைகூறுவது மாணவர்க்கு நாள்தோறும் பயிற்சி. காரி நாயனார் பெயரால் வழங்கும் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் இக்கல்வியின் மேல்வகுப்புக்கு உரியவை எனலாம்.

அளந்த கோலும் ஊரறிய இருந்தது. தமிழகத்தில் பல கோயில்களின் கற்சுவர்களில் நில அளவுக்கோலின் நீளம் கீறி வைக்கப்பட்டுள்ளது. ஐயம் வந்தால் கோலைக் கொணர்ந்து சுவரில் ஒத்துப் பார்க்கலாம். அளவை என்பது ஊருக்குப் பொதுவான சொத்து என்ற கருத்து அக்காலத்திலேயே இருந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

ஆயினும் ஒரு பெருங்குறையை மறைத்தல் தகாது. சென்னை மாநிலத்தின் ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டு கல்வி நிலையைப் பற்றி மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கேட்டார். அவர்கள் அனுப்பிய கணக்கின்படி மாநிலம் முழுவதிலும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்தனர். ஆனால் தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட உழைப்பாளி மக்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் பெரும்பாலும் இடம் இல்லை. பெண் குழந்தைகள் மிகச் சிலரே. நெல்லை விளைவித்தவன் களத்தில் கைகட்டி நின்றான். அவன் கூலியை மரக்காலால் அளந்து கொட்டியவன் வேறொருவன். மரக்கால் தலைதட்டி அளக்கப்பட்டதா, கும்பமாக அளக்கப்பட்டதா என்று கேட்கும் அறிவும் உரிமையும் கூலி பெற்றவனுக்கு வாய்க்கவில்லை. அளவைக் கல்வி அளப்பவன் வீட்டில் தங்கிவிட்டது. அளக்கப்படுபவன் வீட்டுக்கு வரவில்லை.

கடல் கடந்த பிள்ளைகள்

அவ்வாறு ஒதுக்கப்பட்டவர்களில் பல்லாயிரவர், பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் மலாயாவின் காப்பி, கரும்பு, ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்தனர். 1816-ஆம் ஆண்டு பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்புத் தொடங்கியதை மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்வது மரபு. ஆயினும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி வந்தது பின்னரே. 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், அதனைத் தொடர்ந்து வந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டமும், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தன. பல இடங்களில் பள்ளி என்பது லயத்தின் ஒரு மூலையோ, கொட்டகையோ ஆகும். கங்காணியோ, கிராணியோ, எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளி ஒருவரோ ஆசிரியராக அமர்ந்ததும் உண்டு. குறைகள் பல இருப்பினும், திண்ணையில் இடம் பெறாதவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே முதன்முறையாகக் கணக்குச் சுவடியைத் தொட்டனர். இதனை வரலாறு மறக்கலாகாது.

ஆனால் அவர்கள் கையில் வந்த புத்தகம் பெரும்பாலும் இந்தியாவில் அச்சிட்டது. அதில் 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். தோட்டத்துக் கடையிலோ வெள்ளியும் காசும் வழங்கின. புத்தகத்தில் படியும் மரக்காலும் இருந்தன. கடையில் சுப்பாக்கும் கந்தாங்கும் இருந்தன. தோட்ட அலுவலகத்தில் ஏக்கரும் காலனும் ராத்தலும் ஆண்டன. மீன்காரரிடமும் காய்கறிக்காரரிடமும் தாயில், காத்தி, பிக்குல் என்பவை நடந்தன. ஒரு பிள்ளை மூன்று நாட்டு அளவைகளை ஒருங்கே அறிந்தாலன்றி, அரைக் காத்தி மீன் வாங்கி மீதிக் காசு சரியா என்று பார்க்க இயலாது.

இந்தச் சிக்கலுக்குள் ஒரு வியப்பும் உண்டு. 16 தாயில் ஒரு காத்தி. 100 காத்தி ஒரு பிக்குல். 40 பிக்குல் ஒரு கோயான். 4 சுப்பாக் ஒரு கந்தாங். அது ஆங்கிலேயரின் ஒரு காலனுக்குச் சமம். ஆகவே ஒரு தாயில் என்பது காத்தியில் ஒரு வீசம். ஒரு சுப்பாக் என்பது கந்தாங்கில் ஒரு கால். ராத்தலில் 16 அவுன்சு இருப்பதால் அவுன்சும் வீசமே. ரூபாயில் அணாவும் வீசமே. மாகாணி வாய்பாட்டை நன்கு அறிந்த பிள்ளைக்குத் தமிழ், மலாய், ஆங்கில அளவைகள் மூன்றும் ஒரே கதவின் வழியே திறக்கும். மலாய் மக்களின் ஜெங்கால், ஹஸ்தா, டெப்பா என்பனவும் தமிழரின் சாண், முழம், பாகம் என்பனவும் கையையே கோலாகக் கொண்டவை. இரண்டிலும் 2 சாண் ஒரு முழம். 4 முழம் ஒரு பாகம். திண்ணைப் பள்ளி கற்பித்த உறவுக் கணக்கின் பயன் கடல் கடந்தும் குன்றவில்லை.

வெள்ளிக்கோலும் பால் வாளியும்

தோட்டத்தில் அளவை எங்கும் இருந்தது. மலாய் மொழியில் டாசிங் எனப்படும் வெள்ளிக்கோல் கடைக்காரரிடம் தொங்கியது. கோலின் ஒருபுறம் பொருளும், மறுபுறம் நகரும் குண்டும் இருக்கும். குண்டு பிடிகயிற்றிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அவ்வளவு எடை. கோலில் உள்ள புள்ளிகளை எண்ணத் தெரிந்தவனுக்கே எடை தெரியும். எதிரே நிற்பவனுக்குக் கோல் சமமாக நின்றதா, சாய்ந்ததா என்பது மட்டுமே தெரியும்.

பால் கொட்டகையில் இன்னொரு அளவை. காண்டா வாளியில் சுமந்து வந்த பாலைக் காலனால் அளப்பர். பிறகு மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை இட்டுப் பார்ப்பர். ரப்பர் நீரைவிட இலேசானது. ஆதலால் ரப்பர்ச் சத்து மிகுந்த பாலில் கருவி ஆழ்ந்து நிற்கும். நீர் கலந்த பாலில் உயர்ந்து நிற்கும். ஒட்டுப்பாலைத் தராசில் நிறுப்பர். எல்லாவற்றையும் குறித்துக்கொள்பவர் கிராணி. குறித்ததைப் படித்துச் சரிபார்க்க வல்ல பிள்ளை வீட்டில் ஒன்று இருந்தால், அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய துணை. நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிள்ளைகள் மிகப் பலர். அந்த நான்கு ஆண்டுகளுக்குள் அவர்களுக்குத் தராசின் முள்ளைப் படிக்கத் தெரிந்ததா என்பதே அக்காலப் பள்ளியின் உண்மையான தேர்வு.

நடவிலும் அளவை உண்டு. 20 அடிக்கு 20 அடி என்று கன்று நட்டால் ஒரு கன்றுக்கு 400 சதுர அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஆகவே ஏக்கருக்கு ஏறத்தாழ 108 கன்று. இது பழைய குழிமாற்றின் மறுபிறவி. மரத்தின் சுற்றளவு 20 அங்குல அளவை எட்டிய பின்னரே பால் வெட்டத் தொடங்குவது வழக்கம். ஆதலால் தோட்டத்துப் பிள்ளைக்கு நூலும் அளவுகோலும் கொண்டு சுற்றளவு அளக்கக் கற்பிக்க, பள்ளி வாசலுக்கு வெளியே மரங்கள் காத்து நின்றன. அவற்றைப் பயன்படுத்திய ஆசிரியர் நல்லாசிரியர். வாய்பாட்டை மட்டும் பாடச் சொல்லி, பிரம்பை மேசையில் தட்டியவர்களும் உண்டு.

மீட்டர் வந்தது

இந்தியா 1956-ஆம் ஆண்டு மீட்டர் முறைக்குச் சட்டம் இயற்றி, 1958-ஆம் ஆண்டு முதல் படிப்படியாக அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தது. சிங்கப்பூர் 1970-ஆம் ஆண்டு அதற்கென ஒரு வாரியம் அமைத்தது. மலேசியா 1972-ஆம் ஆண்டு எடை அளவைச் சட்டத்தை இயற்றியது. அதன்பின் பத்தாண்டுக் காலத்தில் காத்தியும் கந்தாங்கும் கடைத்தெருவிலிருந்து மெல்ல மறைந்தன.

பத்துப் பத்தாகப் பெருகும் முறை பிள்ளைகளுக்கு எளிது என்பதில் ஐயமில்லை. ஆனால் மாறும் காலத்தில் அறியாதவர்க்கே இழப்பு. ஒரு காத்தி ஏறத்தாழ 605 கிராம். காத்தி 60 காசுக்கு விற்ற பொருளைக் கிலோ ஒரு வெள்ளிக்கு விற்றால் விலை மாறவில்லை. அதையே ஒரு வெள்ளி 20 காசு என்றால், ஐந்தில் ஒரு பங்கு விலை ஓசையின்றி ஏறிவிட்டது என்று பொருள். இதனைக் கணக்கிட்டுச் சொல்ல வல்லவர்கள் அன்று பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகளே. பாட்டி காத்தியில் நினைத்தார்; பேத்தி கிலோவில் படித்தாள். இருவருக்கும் இடையே பாலமாக நின்றது பள்ளிக்கூடத்துக் கணக்கு.

பின்னரும் மாற்றங்கள் வந்தன. 1983-ஆம் ஆண்டு நாடு முழுவதும் புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2003-ஆம் ஆண்டு முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அம்முறை கைவிடப்படும் என்று 2009-ஆம் ஆண்டு அரசு அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் படித்த தமிழ்ப்பள்ளி மாணவர் பலர், கொள்ளளவு, சுற்றளவு, பரப்பளவு என்னும் சொற்களைத் தம் மொழியில் கேளாமலே ஆறாண்டைக் கழித்தனர். வீட்டில் தாய் சொல்லும் 'ஒரு சாண்', 'அரைப்படி' என்பவற்றுக்கும் வகுப்பில் கேட்ட சொற்களுக்கும் இடையே தொடர்பு அறுந்தது.

பிள்ளையின் மனம்

அளவையைப் பிள்ளை எவ்வாறு அறிகிறது என்பதை இருபதாம் நூற்றாண்டின் அறிஞர்கள் நுணுகி ஆராய்ந்துள்ளனர். சுவிட்சர்லாந்து நாட்டு உளவியல் அறிஞர் ழான் பியாஜே ஒரு சோதனை செய்தார். அகன்ற குவளையில் உள்ள நீரைப் பிள்ளையின் கண்முன்னே ஒடுங்கி உயர்ந்த குவளையில் ஊற்றினார். ஐந்து வயதுப் பிள்ளை, உயர்ந்த குவளையில்தான் நீர் மிகுதி என்று சொல்லும். ஏறத்தாழ ஏழு வயதில்தான் ஊற்றுவதால் அளவு மாறாது என்ற தெளிவு பிறக்கிறது. அந்தத் தெளிவு வருமுன் லிட்டர், மில்லிலிட்டர் வாய்பாட்டைப் புகட்டுவது விழலுக்கு இறைத்த நீர்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அவருடைய முறையில் 10 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை வளரும் பத்துக் கோல்கள் உண்டு. பிள்ளை அவற்றைக் கையால் தூக்கி, அடுக்கி, ஒப்பிட்டு நீளத்தை உணர்கிறது. ஆழாக்கு முதல் நாழி வரை அடுக்கியிருந்த பழைய வீட்டுப் படிகளும் இதே தொழிலைச் செய்தன என்று கூறினால் மிகையாகாது.

இவற்றிலிருந்து கற்பிக்கும் வரிசை ஒன்று தெளிவாகிறது. முதலில் இரண்டு பொருள்களை அருகருகே வைத்து ஒப்பிடச் செய்தல். அடுத்து, சாண், காலடி, குச்சி, சிரட்டை போன்ற கைப்பொருளால் அளக்கச் செய்தல். ஒருவன் சாணுக்கு மேசை எட்டுச் சாண், மற்றொருவன் சாணுக்கு ஒன்பது என்று வரும்போது, பொதுவான அளவு ஏன் வேண்டும் என்ற கேள்வியைப் பிள்ளையே எழுப்பும். அதன் பின்னரே அளவுகோலும் தராசும் வர வேண்டும். அப்போதும் சில பிழைகளை எதிர்பார்க்க வேண்டும். பல பிள்ளைகள் கோலைச் சுழியிலிருந்து தொடங்காமல் ஒன்றிலிருந்து தொடங்குவர். குச்சியை அடுக்கும்போது இடைவெளி விடுவர், அல்லது ஒன்றன்மேல் ஒன்று ஏற்றுவர். முனை உடைந்த அளவுகோல் ஒன்றைக் கொடுத்து அளக்கச் சொன்னால், பிள்ளை எண்ணைப் படிக்கிறதா, நீளத்தை அளக்கிறதா என்பது ஒரு நொடியில் விளங்கிவிடும். அளக்கும் முன் 'எவ்வளவு இருக்கும்?' என்று மதிப்பிட்டுச் சொல்லச் செய்வதும் இன்றியமையாதது. மதிப்பிடத் தெரிந்தவனை ஏமாற்றுவது அரிது.

திண்ணைப் பள்ளி உறவைக் கற்பித்தது. ஆனால் யாவருக்கும் கற்பிக்கவில்லை. தோட்டப் பள்ளி யாவரையும் அமர்த்தியது; ஆனால் பிள்ளையின் கடைத்தெருவுக்கு ஒவ்வாத புத்தகத்தை அதன் கையில் கொடுத்தது. மீட்டர் முறை எண்ணை எளிதாக்கியது. ஆனால் கையையும் கண்ணையும் மறக்கச் செய்யும் ஆபத்தையும் உடன் கொணர்ந்தது. இன்று பல தோட்டங்களில் ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை நிற்கிறது. பள்ளிகள் பல நகர்ப்புறத்துக்குப் பெயர்ந்துவிட்டன. அங்காடியில் மின்தராசு எடையையும் விலையையும் தானே அச்சிட்டுத் தருகிறது. கோல் சாய்வதையும் முள் நகர்வதையும் பிள்ளை காண்பதில்லை.

ஆயினும் அளப்பவன் ஒருவன், அளக்கப்படுபவன் ஒருவன் என்ற நிலை உலகில் மாறிவிடவில்லை. களத்துமேட்டில் மரக்காலைப் பார்த்துக் கைகட்டி நின்றவரின் கொள்ளுப்பேரப் பிள்ளை, தராசைப் பார்த்து, 'இது சரிதானா?' என்று அச்சமின்றிக் கேட்க வேண்டும். கேட்டதற்கு விடையையும் தானே கண்டு கொள்ள வேண்டும். தொடக்கப்பள்ளியில் ஒரு சாண் கயிறும், ஒரு சிரட்டை மணலும், பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் இருந்தால், அதற்கான கல்வியை அங்கேயே தொடங்கிவிடலாம்.